ஐந்து இசைகளையும் ஒரே முறையால் ஆராய முடியுமா?

ஜனவரி 6 – வாசகர் கேள்வி

இசையில் முதுகலை முடித்துவிட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாடல்கள், பாக்கின் கோரல்கள் (நான்கு குரல்களுக்கான தேவாலயப் பாடல்கள்), ப்ளூஸ், இன்றைய பாப், கர்நாடக இசை ஆகிய ஐந்தையும் ஒரே முறையால் பகுத்தாய்ந்து ஒப்பிட விருப்பம். ஷென்கர் முறை ஒத்துவருமா? அல்லது நூற்றுக்கணக்கான படைப்புகளைக் கணினியில் ஏற்றிக் கணக்கெடுப்பதுதான் வழியா? வழிகாட்டி, "ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்" என்கிறார். எனக்கு ஐந்தும் வேண்டும்.

ஜனவரி 6, இரவு

ஐந்தும் செய்யலாம். ஆனால் நீங்கள் முறையைப் பொதுவாக்கப் பார்க்கிறீர்கள். பொதுவாக இருக்க வேண்டியது கேள்வி. ஐந்து இசைகளிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். பதிலைத் தேடும் வழியை அந்தந்த இசையே சொல்லட்டும்.

ஒரு கேள்வி தருகிறேன்: ஒரு பகுதி முடிகிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரிகிறது?

ஜனவரி 7

ஷென்கரைப் பற்றிக் கேட்டீர்கள். இசைக்கோட்பாட்டாளர் ஹைன்ரிஹ் ஷென்கர் 1935இல் இறந்தார். அவருடைய கோட்பாட்டை முழுமையாகச் சொல்லும் நூல் அதே ஆண்டு, அவர் இறந்த பிறகு வெளிவந்தது. மேலே தெரியும் சுரங்களை அடுக்கடுக்காக நீக்கிக்கொண்டே போனால், அடியில் மிஞ்சுவது மெல்ல இறங்கி ஆதார சுரத்தில் வந்து நிற்கும் ஒரே கோடு. அதன் கீழே முதல் சுரம், ஐந்தாம் சுரம், மீண்டும் முதல் சுரம் என்று நகரும் பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த குரல். இதுதான் சாரம். பாக் முதல் பிராம்ஸ் வரை இதைப் போல நீண்ட தொலைவைக் காட்டும் கருவி வேறில்லை. நூறு பார்களுக்கு (தாளச் சுற்றுகளுக்கு) அப்பால் இருக்கும் இரண்டு சுரங்களுக்கு நடுவே உறவு இருப்பதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மரியாதை இன்றும் குறையவில்லை.

இப்போது அதே கருவியை 12 பார் ப்ளூஸ் மீது வையுங்கள். கார்டு என்பது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு; எந்தச் சுரத்தின் மீது எழுகிறதோ அதுவே அதன் எண். வழக்கமான ஒரு வடிவத்தில் ஒன்பதாவது பாரில் ஐந்தாம் கார்டு, பத்தாவதில் நான்காம் கார்டு, பதினொன்றாவதில் ஒன்றாம் கார்டு. ஐந்திலிருந்து ஒன்றுக்கு நேராக வர வேண்டிய இடத்தில் நான்கு குறுக்கே நிற்கிறது. ஷென்கர் வழியில் போகிறவர் அந்த நான்கை அலங்காரம் என்று சொல்லித் தள்ளிவிட்டுத்தான் மேலே நகர முடியும். ப்ளூஸ் பாடுகிறவருக்கோ அந்த இறக்கம்தான் உயிர். அதைத் தள்ளிவிட்டு எழுதும் இயல் ப்ளூஸைப் பற்றிய இயலாக இருக்காது.

யாருடைய இசையைக் கொண்டு கோட்பாடு செய்தோம், அதை யாருடைய இசை மீது வைக்கிறோம் என்ற வாதம் துறைக்குள்ளேயே பலமாக எழுந்துவிட்டது. 2019இல் அமெரிக்காவின் இசைக்கோட்பாட்டுச் சங்க மாநாட்டில் ஃபிலிப் யூவல் ஆற்றிய உரையும் அதற்கு வந்த மறுப்புகளும் அடுத்த ஆண்டு முழுவதும் ஓடின. உங்கள் முதல் இயலில் இதற்கு இடம் வேண்டும். அரைப் பக்கம் போதாது.

ஜனவரி 9

தரவுத்தொகுப்பு. பாக்கின் 371 கோரல்களைக் கணினியில் ஏற்றிய கோப்புகள் எளிதாகக் கிடைக்கின்றன. அதனாலேயே உலகத்தில் பாதிப் பேர் அவற்றைத்தான் எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு முன் அந்தத் தொகுப்பு எப்படி உருவானது என்று பாருங்கள். பாக் இறந்தது 1750இல். தொகுப்பு 1784 முதல் 1787 வரை நான்கு பகுதிகளாக வந்தது. அதில் அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலுக்கும் மாணவர் கிர்ன்பெர்கருக்கும் பங்கு உண்டு. பாடல் வரிகளை எடுத்துவிட்டார்கள். கூட ஒலித்த வாத்தியங்களையும் எடுத்துவிட்டார்கள். நான்கு குரல்களை இரண்டு வரிச்சட்டங்களுக்குள் அடக்கிவிட்டார்கள். சில கோரல்கள் இருமுறை வருகின்றன.

இதனால் என்ன வருகிறது? இரண்டு சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: பாஸுக்கு அடுத்து மேலே உள்ள டெனர் குரல் சில இடங்களில் பாஸுக்குக் கீழே இறங்கிவிடும். தாளில் பார்த்தால் கார்டு தலைகீழாக, அதாவது அடியில் வேறொரு சுரத்தோடு தெரியும். நிரலும் அப்படித்தான் குறிக்கும். ஆனால் பாஸ் குரலோடு ஒரு ஸ்தாயி கீழே ஒரு வாத்தியமும் சேர்ந்து ஒலித்தால், காதில் விழும் அடிச்சுரம் பாஸுடையதே. கார்டு நேராகத்தான் இருக்கிறது.

இரண்டு: ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஃபெர்மாட்டா என்ற நிறுத்தக் குறி இருக்கும். அதையே 'முடிவு' என்று எடுத்துக்கொண்டு எண்ணும் ஆய்வுகள் உண்டு. அந்தக் குறி காட்டுவது பாட்டின் அடி முடிவதை. வரிகளைத் திரும்பச் சேர்த்து வாசித்தால், வாக்கியம் நிற்காமல் அடுத்த அடிக்குள் ஓடுகிற இடங்கள் தெரியும். இசை நிற்கிறது, பொருள் நிற்கவில்லை. உங்கள் கேள்விக்கு இந்த இடங்கள்தான் பொன்.

ஜனவரி 9, சிறிது நேரம் கழித்து

கணினியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வடிவம் அரிதா, சாதாரணமா என்று காதால் தீர்மானிக்க முடியாது; எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணும் பொருளை யார், எப்போது, எதை நீக்கிச் செய்தார்கள் என்று முதலில் எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஜனவரி 13

கர்நாடக இசையைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்; விண்ணப்பங்களில் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பலர் இப்படித் தொடங்குகிறார்கள்: சங்கராபரணம் என்றால் மேஜர் ஸ்கேல், கரகரப்ரியா என்றால் டோரியன், தோடி என்றால் ஃபிரிஜியன். 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணையைக் கொண்டுவந்து டோரியன் போன்ற ஐரோப்பிய மோடுகளோடு, அதாவது சுர வரிசைகளோடு, ஜோடி சேர்த்துவிட்டால் ஒப்பீடு முடிந்தது என்ற நினைப்பு. அட்டவணையில் ஜோடி சேரும். ஒலியில் சேராது.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி அது சாதாரண காந்தாரம். ஆதார ஸட்ஜத்திலிருந்து 300 சென்ட். (ஒரு ஸ்தாயியை 1200 ஆகப் பகுத்த அளவு சென்ட், அடுத்தடுத்த இரண்டு பியானோக் கட்டைகளுக்கு நடுவே 100.) நல்ல பாடகர் ஒருவர் பாடிய ஆலாபனையை, சுருதியைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். சோனிக் விஷுவலைசர் போதும், இலவசம். நான் முதலில் தேடியது 300இல் படுக்கையாக நீளும் ஒரு கோட்டை. வந்தது அலை. ரிஷபத்தின் பக்கம் தாழ்கிறது, மத்யமத்தின் பக்கம் எழும்புகிறது, மறுபடி தாழ்கிறது. 300ஐக் கடந்து போகிறது, அங்கே தங்குவதில்லை. எந்தச் சுருதியில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கணினியைக் கணக்கெடுக்கச் சொன்னால், காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் கூர்மையான உச்சி எழாது. கணக்கு சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால் தோடியில் காந்தாரமே இல்லை என்று எழுத வேண்டியிருக்கும். கேட்கிற எவருக்கும் அந்த ராகத்தை முதல் நொடியில் காட்டிக்கொடுப்பது அந்தக் காந்தாரம்தான்.

சுரம் என்பது இங்கே ஒரு புள்ளியல்ல, ஓர் அசைவு. இதை ஒப்புக்கொண்டுதான் ஒப்பீட்டைத் தொடங்க முடியும். தொடங்கியபின் எதிர்பாராத இடத்தில் உறவு தெரியும்: ப்ளூஸ் பாடகரின் மூன்றாம் சுரமும் 300க்கும் 400க்கும் நடுவே வழுக்கும் ஒன்றுதான். தோடியின் காந்தாரமும் ப்ளூஸின் மூன்றாம் சுரமும் ஒன்று என்று சொல்லவில்லை. அசைவின் வீச்சு வேறு, வேகம் வேறு, அடுத்து எங்கே போகிறது என்பதும் வேறு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து இந்த வேறுபாடுகளை எழுத முடியும். அட்டவணையை வைத்துக்கொண்டு இந்த உரையாடலே நடக்காது.

ஜனவரி 14

மேலே எழுதியதன் தொடர்ச்சி. எழுதிவைக்கும் முறைகள் இரண்டு வகை என்று இசையியலாளர் சார்ல்ஸ் சீகர் 1958இல் ஒரு கட்டுரையில் பிரித்தார்: இனிமேல் எப்படி இசைக்க வேண்டும் என்று பணிப்பது ஒன்று, எப்படி ஒலித்தது என்று விவரிப்பது மற்றொன்று. பாக்கின் தாள் முதல் வகை. மென்பொருளின் கோடு இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் போட்டுக் கூட்டிக் கழித்தால் விடைக்குப் பொருள் இருக்காது.

1904இல் வெளியான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைக் கட்டாயம் புரட்டுங்கள். கமகங்களுக்கு, அதாவது சுர அசைவுகளுக்கு, தனித்தனிக் குறிகள் வைத்து அச்சிட்டார். பணிக்கும் எழுத்துக்குள் விவரிப்பைக் கொண்டுவர அவர் எடுத்த முயற்சி அது. எனக்கு அந்த நூல் மீது அளவில்லாத அன்பு உண்டு.

ஜனவரி 19

"மிருதங்கத்தில் சுரமே இல்லையே, அதை எப்படி இந்தக் கேள்விக்குள் கொண்டுவருவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறார். ஐந்து இசைகளுக்குள் முடிவை மிகத் துல்லியமாக முன்கூட்டியே சொல்வது மிருதங்கத்தின் தாளக் கணக்குதான்.

ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆக 32. 'ததிகிணதொம்' என்ற ஐந்து மாத்திரைச் சொல்லை மூன்று முறை வாசித்து, நடுவே இரண்டிரண்டு மாத்திரை இடைவெளி விட்டு மோரா (மும்முறை வரும் முத்தாய்ப்பு) வைத்தால் 5 + 2 + 5 + 2 + 5, ஆக 19. சமத்தில், அதாவது அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், வந்து விழ வேண்டுமென்றால் 13 மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். அதாவது நான்காவது அட்சரத்தின் இரண்டாம் மாத்திரையில், தட்டுக்குச் சற்றே தள்ளி. முதல் ததிகிணதொம் வரும்போது கேட்பவருக்கு ஐயம்தான் எழுகிறது. இடைவெளி விட்டு இரண்டாவது வந்ததும் உறுதியாகிவிடுகிறது: இன்னும் ஒன்று பாக்கி, அது முடிந்த கணம் சமம். அவையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும் கைகள் எல்லாம் அந்தத் தட்டுக்காகக் காத்திருக்கின்றன.

இங்கே என் முதல் கேள்வியைக் கூர்மையாக்கலாம் என்று தோன்றுகிறது. முடிவு எப்படித் தெரிகிறது என்பதோடு நிற்க வேண்டாம். எவ்வளவு முன்பே தெரிகிறது? கோரலில் கடைசி இரண்டு மூன்று கார்டுகளில். மோராவில் இரண்டாம் முறையின்போதே. 12 பாரில் ஒன்பதாவது பாரில் ஐந்தாம் கார்டு எழும்போது. இது அளக்கக்கூடியது, கேட்பவர்களை வைத்துச் சோதித்தும் பார்க்கலாம்.

ஜனவரி 20

இரவு முழுக்க இதே யோசனை. முடிவே வராத இசையை என்ன செய்வது?

இன்றைய பாப்பில் நான்கு கார்டுகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஏ மைனர், எஃப், சி, ஜி என்று வைத்துக்கொள்வோம். இதற்கு ஆதாரம் ஏ மைனரா, சி மேஜரா? இரண்டும் அதே ஏழு சுரங்கள்தான். சுரங்களை எண்ணிச் சுருதி கண்டுபிடிக்கும் நிரல் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும். காது அப்படிச் செய்வதில்லை. மெட்டு எந்தச் சுரத்தில் இளைப்பாறுகிறது, சுற்று எங்கே தொடங்குகிறது என்பதைப் பொறுத்து இங்கும் அங்கும் சாயும். சிலருக்கு முதல் சரணத்தில் ஒன்று, பல்லவியில் மற்றொன்று. கார்டுகளின் வரிசையில் முடிவுக்கான அடையாளம் எதுவும் இல்லாததால் வேறு வழியாக அறிவிக்கிறார்கள்: டிரம் நிற்கும், வாத்தியங்கள் ஒவ்வொன்றாக விலகும், அல்லது ஒலி தேய்ந்து மறையும்.

ஆகவே 'முடிவு' என்று தலைப்பில் போட்டுவிட்டு, பாப்பில் அது கிடைக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஷென்கர் கருவியால் ப்ளூஸுக்கு நேர்வது உங்கள் கருவியால் பாப்புக்கு நேரக் கூடாது. சுரம், தாளம், சொல், ஒலியின் அடர்த்தி: இந்த நான்கில் எந்தெந்தப் பாதையில் அறிவிப்பு வருகிறது என்று ஒவ்வோர் இசைக்கும் பாருங்கள். தேய்ந்து மறைவதும் ஒரு பதில்தான். 12 பாரில் கடைசி இரண்டு பார்கள் முடிவை நோக்கியும் அடுத்த சுற்றின் தொடக்கத்தை நோக்கியும் ஒரே நேரத்தில் கை காட்டுகின்றன, அதுவும் பதில்தான்.

ஜனவரி 27

14ஆம் நூற்றாண்டை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள், ஒலிப்பதிவு இல்லை என்பதால். விடாதீர்கள். உங்கள் ஆய்வில் மிகச் சுவையான இயல் அதுவாக இருக்கும்.

14ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் லாண்டினியின் பெயரால் வழங்கும் முடிவைப் பாருங்கள். மேல்குரல் நி-யிலிருந்து நேராக ச-வுக்கு ஏறுவதற்குப் பதில் ஒரு படி இறங்கி, நி–த–ச என்று வந்து சேரும். கீழ்க்குரல் ரி–ச என்று இறங்கும். கடைசியில் ஒலிப்பது ஸ்தாயியும் ஐந்தாம் சுரமும் மட்டும். மூன்றாம் சுரம் இல்லை. பாக்கில் ஊறிய காதுக்கு இது வெறுமையாக ஒலிக்கும். அந்தக் காலத்துக் காதுக்கு நிறைவு அதுதான். மூன்றாம் சுரம் இன்னும் ஓய்வெடுக்காத ஒலி.

அதோடு இன்னொன்று. முடிவை நெருங்கும்போது பாடகர்கள் சில சுரங்களை அரைப்படி ஏற்றியோ இறக்கியோ பாடினார்கள். தாளில் அது பெரும்பாலும் இருக்காது. பாடத் தெரிந்தவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார்கள். இன்றைய பதிப்பாசிரியர்கள் சுரத்துக்கு மேலே சிறு குறியிட்டுத் தங்கள் ஊகத்தைச் சொல்கிறார்கள். அதாவது நீங்கள் ஆராய வேண்டிய அதே இடத்தில்தான் தாள் வாய்மூடி நிற்கிறது. தாளை மட்டும் படிப்பவர் பதிப்பாசிரியரின் ஊகத்தை ஆராய்ந்துகொண்டிருப்பார்.

பழந்தமிழ் இசைக்குப் போனால் தாளே இல்லை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழும், ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆதாரமாக மாற்றிப் பாலைகளை (சுர வரிசைகளை) பெறும் முறையும் சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் இருக்கின்றன. செம்பாலை இன்றைய அரிகாம்போதி என்பதைப் பலர் ஏற்கிறார்கள். வேறு கருத்தும் உண்டு. ஏற்றுக்கொண்டு கணக்குப் போட்டால், ரி-யை ஆதாரமாக்க நடபைரவி, ம-வை ஆக்கச் சங்கராபரணம், ப-வை ஆக்கக் கரகரப்ரியா, த-வை ஆக்கத் தோடி, நி-யை ஆக்கக் கல்யாணி. அழகான கட்டமைப்பு. ஆனால் நமக்குக் கிடைப்பது சுரங்களுக்கிடையிலான உறவு. அன்று அந்தத் தோடியின் காந்தாரம் ஆடியதா, நின்றதா என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. ஆறாவது இசையாக இதையும் சேர்க்கலாமே என்று ஆசை எழும். இந்த ஆய்வில் வேண்டாம். முடிவு பற்றிய கேள்விக்கு இதிலிருந்து பதில் எடுக்க முடியாது.

பிப்ரவரி 3

"ஒரே இடத்தை இரண்டு அறிஞர்கள் இரண்டு விதமாகப் பகுத்தால் எது சரி?"

வாக்னரின் 'டிரிஸ்டான்' என்ற இசை நாடகத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு பழகுங்கள். 1865இல் அரங்கேறியது, அந்த முதல் கார்டைப் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. எஃப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப். மேலே உள்ள ஜி ஷார்ப் அடுத்த ஏ-வுக்கு ஏறுகிறது. ஜி ஷார்ப் கார்டைச் சேர்ந்ததா, ஏ-வுக்குப் போகும் வழியில் சாய்ந்து நிற்கும் சுரமா? சாய்ந்த சுரம் என்றால் உண்மையான கார்டு ஏ வந்தபிறகுதான் உருவாகிறது. அது பழைய இலக்கணத்துக்குள் அடங்கிவிடும், அடுத்து வரும் இ கார்டுக்கு இயல்பாக இட்டுச்செல்லும். ஆனால் காலத்தை அளந்து பாருங்கள்: ஜி ஷார்ப் ஐந்து எட்டாம்பங்குச் சுரங்களின் நீளம் நிற்கிறது, ஏ ஒன்றே ஒன்று. அவ்வளவு நேரம் ஒலிப்பதை அலங்காரம் என்றும் கண்ணிமைப்பதற்குள் போவதைக் கார்டு என்றும் சொல்லத் துணிய வேண்டும்.

எது சரி என்பதைவிட, எதைக் கணக்கில் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று சொன்னீர்களா என்பதைத்தான் தேர்வாளர் பார்ப்பார். என் வாய்மொழித் தேர்வில் ஒருவர் என் படங்களையெல்லாம் மூடிவைக்கச் சொன்னார். பதிவை ஒலிக்கவிட்டு, "நீங்கள் சொல்லும் முடிவு எங்கே வருகிறது? கையைத் தட்டுங்கள்" என்றார். தட்டினேன். பிறகு அவரும் தட்டினார், வேறோர் இடத்தில். எஞ்சிய நேரம் முழுவதும் அந்த இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருந்த ஒலியைப் பற்றியே பேசினோம். என் ஆய்வு வாழ்க்கையில் அதைவிட நல்ல உரையாடல் அமைந்ததில்லை.

பிப்ரவரி 4

உங்கள் வழிகாட்டி ஒன்றாகச் சுருக்கச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இசைகளைச் சுருக்காமல் இடங்களைச் சுருக்குங்கள். ஒவ்வோர் இசையிலும் மிகச் சில பகுதிகள். ஒவ்வொன்றையும் மென்பொருளைத் தொடுமுன் காதால் எழுதுங்கள். நோகும், நேரம் தின்னும். எழுதும்போதுதான் எந்தச் சுரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனா நிற்கும். அந்த இடங்களைத் தனியே குறித்துவையுங்கள். அவை உங்கள் ஆய்வின் தலைப்புகளாக மாறும்.

பிப்ரவரி 11

திருத்திய திட்டத்தைப் பார்த்தேன். கேள்வி ஒன்று, இசை ஐந்து, அறிவிப்பின் பாதைகள் நான்கு: நன்றாக நிற்கிறது. கோரல் இயலில் 371ஐயும் எண்ணிவிட்டு, வரிகள் அடிதாண்டி ஓடும் சில கோரல்களை மட்டும் நெருங்கிப் பார்ப்பதும் சரியான முடிவு.

இரண்டு மாற்றங்கள் சொல்வேன். கேட்பவர்களை வைத்துச் செய்யும் சோதனையில் ஐந்து இசைகளையும் ஒரே குழுவுக்குப் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். தாளம் போட்டுப் பழகியவர் மோராவில் எதிர்பார்ப்பது வேறு, பழகாதவர் எதிர்பார்ப்பது வேறு. குழுவைப் பிரிக்காவிட்டால் நீங்கள் அளப்பது பழக்கத்தை. பிரித்துவிட்டு, இரண்டு குழுக்களின் வேறுபாட்டையே ஓர் இயலாக எழுதலாம்.

அடுத்தது, 14ஆம் நூற்றாண்டு இயலைக் கால வரிசைப்படி முதலில் வைத்திருக்கிறீர்கள். தோடிக்குப் பின்னால் கொண்டுபோங்கள். சுரம் அசையும், தாள் எல்லாவற்றையும் சொல்லாது என்பதைக் காதால் உணர்ந்துவிட்டு வரும் வாசகருக்குத்தான் லாண்டினி காலத்து எழுதப்படாத சுரங்கள் விளங்கும்.